பழைய பேக்கப்பை எந்த செட்டிங்கில் சுருக்கினோம் என்று பிரிக்காமலே பார்க்க முடியுமா?

கேள்வி, 09.01.2024

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணாச்சி, பத்து வருட பேக்கப் கையில் இருக்கிறது. ஜிப், ரார், 7-ஜிப், ஒன்றிரண்டு டார்-ஜிஜிப் என்று கலந்து கிடக்கிறது. எதை நார்மலில் போட்டேன், எதை அல்ட்ராவில் போட்டேன் என்று ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அல்ட்ராவில் சுருக்கினால் பாதி இடம் மிச்சமாகும் என்று நினைக்கிறேன். பிரிக்காமலே எது எந்த செட்டிங் என்று பார்க்க வழி உண்டா?"

09.01.2024, இரவு

வழி இல்லை தம்பி. எந்த அளவில் சுருக்கினோம் என்பது பைலுக்குள் எங்கும் எழுதியிருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் கோவில் கொடை விழா நோட்டீஸ் அடிக்கிறோம். ஒரு நோட்டீஸில் 'அவர்கள்' என்ற சொல் நூறு தடவை வரும். சுருக்கும் புரோகிராம் இரண்டாவது 'அவர்கள்' வந்ததும் அதை முழுதாக எழுதாது. 'இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று இரண்டு எண்களைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். 1977ல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் இருவரும் வெளியிட்ட முறை இது. இருவருமே போன வருடம், 2023ல், இரண்டு மாத இடைவெளிக்குள் காலமானார்கள். நாம் தினமும் ஜிப் போடுவது அவர்கள் யோசனையில்தான்.

எவ்வளவு இறுக்கமாகச் சுருக்க வேண்டும் என்று 1 முதல் 9 வரை நாம் வைக்கும் எண், பின்னால் போய் எவ்வளவு நேரம் தேடலாம் என்று அந்த புரோகிராமுக்குக் கொடுக்கும் அனுமதி. 1ல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். 9ல் இதைவிட நீளமான பொருத்தம் கிடைக்குமா என்று குடைந்து குடைந்து பார்க்கும். பிரிக்கிற புரோகிராமுக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை, எண்களைப் படித்து அப்படியே செய்தால் போதும். தேவையில்லாததை யாரும் எழுதி வைக்கவில்லை.

10.01.2024

நேற்று 'வழி இல்லை' என்று ஒரே அடியாக எழுதியது தவறு. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். காலையில் கடைக்கு வந்ததும் நாலைந்து பைலைத் திறந்து பார்த்தேன். எண் அப்படியே இருக்காது என்பது சரி. ஆனால் தடயம் இருக்கிறது, வகைக்கு வகை கூடக் குறைய.

பிஜிப்-2 பைல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முதல் மூன்று எழுத்து அதன் அடையாளம், நாலாவது எழுத்து 1 முதல் 9 வரை ஒரு எண். 9 என்று இருந்தால் 900 கிலோபைட் துண்டுகளாக வெட்டிச் சுருக்கியிருக்கிறது. பைலின் பைட்களை அப்படியே காட்டும் எந்த ஹெக்ஸ் வியூவரில் திறந்தாலும் கண்ணுக்கு எதிரே தெரியும்.

ஜிஜிப் பாதி சொல்லும். முதல் இரண்டு பைட் 1எஃப், 8பி. அந்த 1எஃப்பை ஒன்று என்று வைத்து எண்ணி ஒன்பதாவது பைட்டைப் பாருங்கள். 2 என்றால் மிக அதிகச் சுருக்கம், 4 என்றால் மிக வேகம், 0 என்றால் இடைப்பட்டது எதுவாகவும் இருக்கலாம். அதாவது 9ம் 1ம் தெரியும், 2 முதல் 8 வரை தெரியாது. ஜிஜிப் தானாக எடுத்துக்கொள்வது 6.

ஜிப் பைலில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைலுக்கும் தனிக்குறிப்பு உண்டு. சுருக்காமல் அப்படியே வைத்திருந்தால் 'ஸ்டோர்', சுருக்கியிருந்தால் 'டிஃப்ளேட்', கூடவே நார்மல், மேக்சிமம், ஃபாஸ்ட் என்று குறிக்க இரண்டு பிட். லினக்ஸில் ஜிப்இன்ஃபோ கட்டளை இதை ஒவ்வொரு வரியிலும் காட்டுகிறது.

ரார் நேர்மையானது. 0 முதல் 5 வரை முறை எண்ணை எழுதியே வைக்கிறது, அன்ரார் புரோகிராமின் விரிவான பட்டியலில் வரும். நார்மல் என்றால் 3, பெஸ்ட் என்றால் 5.

7-ஜிப்பில் நிலை எண் கிடையாது, டிக்சனரி அளவுதான், அதாவது பின்னால் எவ்வளவு தூரம் வரை போய்த் தேடலாம் என்ற அளவுதான் இருக்கும். பைலைத் திறந்து இன்ஃபோ பட்டனை அழுத்தினால் மெத்தட் என்ற வரியில் 'எல்இசட்எம்ஏ2:24' மாதிரி வரும். அந்த 24ஐ இரண்டின் அடுக்காக வைத்துக் கணக்குப் போடுங்கள், 16 எம்பி. 26 என்றால் 64 எம்பி. லினக்ஸில் வரும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு வகையும் இப்படித்தான். அதில் 5ம் 6ம் ஒரே 8 எம்பி டிக்சனரி என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ராரில் ரெக்கவரி ரெக்கார்ட் என்று ஒன்றையும் சேர்த்திருப்பீர்கள், பைல் பழுதானால் சரி செய்வதற்கான கூடுதல் தகவல் அது. இப்போதைய வின்ராரில் அதைப் போட்டால் பைல் 3 சதவீதம் பெருக்கும். இடம் மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் அதை எடுத்துவிடலாம்.

10.01.2024, மாலை

ஒன்று விட்டுப்போனது. ஜிஜிப் பைலின் கடைசி எட்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் மூல பைலின் அளவும் இருக்கும். அளவுக்கு நாலே நாலு பைட்தான் இடம். அதனால் 4 ஜிபியைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்தில் இருந்து எண்ணும். என் 5 ஜிபி பேக்கப் ஒன்று 1 ஜிபி என்று காட்டியது. அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்டின கணக்குதான் அப்படி. 2022ல் வந்த ஜிஜிப் 1.12ல் இதைச் சரி செய்துவிட்டார்கள்.

11.01.2024

தென்காசியில் இருந்து ஒருவர் திருத்தம் சொல்லியிருக்கிறார். சரியான திருத்தம். பைதானில் எழுதிய ஸ்கிரிப்ட் மூலம் ஜிஜிப் போட்டிருந்தால், பழைய பைதான் பதிப்புகள் எந்த நிலையில் சுருக்கினாலும் ஒன்பதாவது பைட்டில் 2 என்றே எழுதின. ஆக, அந்த பைட்டில் 2 இருந்தால் '9ஆக இருக்கலாம்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

12.01.2024

பேட்டையில் இருந்து ஒரு அண்ணாச்சி கேட்கிறார்: "செட்டிங் எதுவாக இருந்தால் உமக்கு என்ன வே, பைல் இருக்கிறதல்லவா?"

நியாயமான கேள்வி. என்னிடம் பைல் இல்லை அண்ணாச்சி, அதனால்தான் இதில் இப்படி விழுந்து கிடக்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டு வந்து, திங்கட்கிழமை ஜங்ஷன் பக்கம் முழுக்க ஆறாக இருந்தது. என் கடை தரைத்தளம். உள்ளே இடுப்பளவு தண்ணீர். 1992 வெள்ளத்தை நான் பையனாகப் பார்த்தவன். அதே கலங்கல் தண்ணீர், அதே வாடை.

வியாழக்கிழமை ஷட்டரைத் தூக்கினோம். பேப்பர் ரீம்கள் ஊறிப் புட்டு மாதிரி உதிர்ந்தன. கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பேக்கப் டிஸ்க். மூடியைத் திறந்தால் உள்ளே விரற்கடை உயரத்துக்கு வண்டல். டிஸ்க்கைக் கவிழ்த்தேன், சேறு சொட்டியது. 2006ல் இருந்து 2022 வரை அடித்த அத்தனை நோட்டீஸும் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதற்குள்தான்.

மிச்சம் இருப்பவை மூன்று. பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் கிடந்த டிவிடி கட்டு, 2013 வரைக்கும் உள்ளது. மைத்துனன் வீட்டில் ஒரு பழைய டிஸ்க், அதில் 2014 முதல் 2019 வரை. அப்புறம் கடை மச்சில் இருந்ததால் தப்பித்த எக்ஸ்பி மெஷின். ஒவ்வொன்றையும் பார்த்து வருகிறேன். எது எப்படிச் சுருக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் எதை எங்கே வைத்துப் பிரிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

15.01.2024

பொங்கல். பானை பொங்குகிற நேரத்தில் மைத்துனன் டிஸ்க்கில், பைல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் திட்டு விழுந்தது. 41 பைலில் 38 சரி, 3 தவறு. தவறான மூன்றும் 7-ஜிப்.

18.01.2024

அம்பாசமுத்திரம் தம்பியின் 'பாதி இடம் மிச்சம்' பற்றி இப்போதுதான் வருகிறேன். மிச்சமாகாது.

மைத்துனன் டிஸ்க்கில் இருந்து ஒரு வருட போல்டரை எடுத்துப் பிரித்து, நார்மலில் ஒரு தடவை, அல்ட்ராவில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு கூட வரவில்லை. உள்ளே இருப்பவை ஏற்கெனவே சுருங்கியவை, காரணம் அவ்வளவுதான். ஜேபெக் போட்டோ ஏற்கெனவே சுருங்கியது. டாக்எக்ஸ் பைலே ஒரு ஜிப்தான். கோரல் டிராவும் எக்ஸ்4 பதிப்பில் இருந்து, அதாவது 2008ல் இருந்து, தன் பைலை ஜிப்பாகவே சேமிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சிடிஆர் பைலை நகல் எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே போல்டர்கள் தெரியும். இதையெல்லாம் அல்ட்ராவில் போடுவது பிழிந்து போட்ட தேங்காய்ச் சக்கையில் மறுபடி பால் எடுக்கிற வேலை. சொதிக்கு மூன்றாம் பாலே தண்ணீராகத்தான் வரும்.

சுருங்கக்கூடியவை வேறு. பக்கம் வடிவமைக்கும் பழைய புரோகிராமான பேஜ்மேக்கரின் பைல், பிஎம்பி படம், சுருக்கம் இல்லாத டிஃப் ஸ்கேன், சாதாரண டெக்ஸ்ட். ஏ4 தாளை 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், மொத்தம் 2 கோடியே 61 லட்சம் பைட். அதே தாள் கறுப்பு வெள்ளை நோட்டீஸாக இருந்து புள்ளிக்கு ஒரு பிட் என்று ஸ்கேன் செய்தால் 11 லட்சம் பைட்கூட ஆகாது. ஸ்கேன் செய்கிற இடத்தில் ஒரு டிக் மாற்றினாலே 24ல் ஒரு பங்கு. எந்த அல்ட்ராவும் இதைத் தராது.

21.01.2024

தமிழ் டெக்ஸ்ட் எப்படிச் சுருங்கும் என்று பாபநாசத்தில் இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த விஷயம்.

யூனிகோடில், யுடிஎஃப்-8ல், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'திருநெல்வேலி' என்று எழுதிப் பாருங்கள். த, இகரக் கொக்கி, ர, உகரக் குறி என்று எண்ணினால் 12 குறி, 36 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் இப்படி இடத்தை அடைக்கிறதே என்று எனக்கும் ஒரு காலத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த 36ல் ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. சுருக்குகிற புரோகிராமுக்கு இது விருந்து. மாறாமல் வருவதற்கு மிகக் குறைந்த பிட் கொடுத்துவிடும். பெரிய தமிழ் டெக்ஸ்ட் பைலை ஜிப் போட்டால் எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பாருங்கள் டீச்சர்.

எங்கள் பழைய பேஜ்மேக்கர் பைல்களில் யூனிகோட் கிடையாது. ஒற்றை பைட் எழுத்துரு. அதே 'திருநெல்வேலி' பத்து பைட் வாக்கில் முடிந்துவிடும். கொம்பு முதலில் வந்து 'ந' பின்னால் வரும், தட்டச்சு செய்கிற வரிசையிலேயே. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஊர் பெயர் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். ஆகவே பேக்கப்பில் எழுத்துரு பைலையும் சேர்த்துப் போடுங்கள். இதை நான் 2014க்குப் பிறகுதான் செய்ய ஆரம்பித்தேன்.

02.02.2024

செட்டிங் பார்ப்பது வெட்டி வேலை என்று பேட்டை அண்ணாச்சி மறுபடி எழுதியிருக்கிறார். டிக்சனரி அளவை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

2019ல் 16 ஜிபி ராம் உள்ள மெஷின் வாங்கினேன். புது மெஷின் என்ற உற்சாகத்தில் அந்த வருட பேக்கப்பை 7-ஜிப்பில் அல்ட்ரா, டிக்சனரி 1 ஜிபி என்று வைத்துச் சுருக்கினேன். மெத்தட் வரியில் 30 என்று வரும். இரண்டு வருடம் கழித்து ஒரு வாடிக்கையாளர் 2019 கல்யாணப் பத்திரிகையின் டிசைனையே தங்கைக்கும் கேட்டு வந்தார். பேஜ்மேக்கர் ஓடுவது எக்ஸ்பி மெஷினில் மட்டும்தான், அதில் 512 எம்பி ராம். பிரிக்கக் கொடுத்தால் மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. பிரிக்கிற மெஷினுக்கும் அந்த டிக்சனரி அளவு மெமரி வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய மெஷினில் பிரித்து, பென் டிரைவில் போட்டு, மச்சுக்கு ஏறி இறங்கி, அரைநாள் போனது. வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்.

எக்ஸ்இசட்டில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 9ல் சுருக்க 674 எம்பி மெமரி, பிரிக்க 65 எம்பி. 6ல் சுருக்கினால் பிரிக்க 9 எம்பி போதும். சுருக்குவது ஒரே ஒரு நாள் வேலை. பிரிப்பது என்றைக்கு, எந்த மெஷினில் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பைலைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மெத்தட் வரியில் உள்ள அந்த எண்ணைத்தான். 26 வரை என்றால் கவலை இல்லை. 28, 30 என்று இருந்தால் தனியாக எடுத்து வைத்து மறுபடி சுருக்குகிறேன். இந்த ஒரு காரணத்துக்காக மறுபடி சுருக்குவதை நான் ஆதரிக்கிறேன்.

03.02.2024

மேலே எழுதியதில் ஒரு பிசகு. டிக்சனரி அளவை வைத்து அல்ட்ராவா நார்மலா என்று சொல்லிவிடலாம் என்ற தொனி வந்துவிட்டது. சின்ன போல்டருக்கு அது செல்லாது. உள்ளே 3 எம்பிதான் இருக்கிறது என்றால் 7-ஜிப் 64 எம்பி டிக்சனரி எடுக்காது, உள்ளே இருக்கும் அளவுக்கு ஏற்பத் தானே குறைத்துக்கொள்ளும். சின்ன எண்ணைப் பார்த்து 'யாரோ ஃபாஸ்டில் போட்டுவிட்டார்கள்' என்று நான் கடைப் பையனைக் கோபித்துக்கொண்டேன். அவன் அல்ட்ராவில்தான் போட்டிருக்கிறான். அவனிடம் சொல்லிவிட்டேன்.

05.02.2024

அந்த மூன்று பழுதான 7-ஜிப் பைல் கதை.

7-ஜிப்பில் சாலிட் என்று ஒரு செட்டிங், இன்ஃபோவில் பிளஸ் குறியோடு வரும். எல்லா பைலையும் ஒரே நீளமான கயிறாகத் திரித்துச் சுருக்குவது. ஒரே மாதிரி பைல்கள் நிறைய இருந்தால் நன்றாகச் சுருங்கும். ஒரு வருடத்து நோட்டீஸ்கள் எல்லாமே ஒன்றுபோல இருப்பதால் அந்த போல்டர் எனக்கு அழகாகச் சுருங்கியிருந்தது. ஆனால் கயிறு நடுவில் அறுந்தால் அதற்குப் பின்னால் அந்த பிளாக்கில் உள்ளவை அத்தனையும் போச்சு. 2016 பைலில் அப்படித்தான் ஆனது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்தது, மே தொடங்கி டிசம்பர் வரை குப்பை. கொடை சீசன் மொத்தமும் அந்தப் பக்கம்தான்.

பக்கத்திலேயே 2015 இருந்தது, பழைய ஜிப். அதிலும் ஓர் இடம் பழுது. ஜிப்பில் ஒவ்வொரு பைலும் தனித்தனியாகச் சுருங்குவதால் ஒரே ஒரு காதணி விழா அழைப்பிதழ் மட்டும் போனது, மற்றதெல்லாம் வந்துவிட்டது. டெஸ்டில் இதையும் சரி என்று எண்ணியிருந்தேன், அது தவறு. 41ல் 37தான் சரி.

இப்போது எனக்கு சாலிட் பக்கம் மனம் போகவில்லை. மாதத்துக்கு ஒரு பைல் என்று தனித்தனியாகப் போடுகிறேன். கொஞ்சம் பெருக்கிறது, பெருக்கட்டும்.

11.02.2024

வள்ளியூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், போட்டோவின் ஜேபெக் தரத்தை அப்புறமாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம். இமேஜ்மேஜிக்கில் ஐடென்டிஃபை கட்டளை, படத்தின் நுணுக்கத்தை எவ்வளவு வெட்டியது என்று குறிக்கும் குவாண்டைசேஷன் அட்டவணையைப் படத்துக்குள் இருந்து படித்துத் தரம் இத்தனை என்று மதிப்பிட்டுச் சொல்லும்.

ஆனால் இது நாம் இதுவரை பேசியதில் சேராது. ஜிப்பை எந்த நிலையில் போட்டாலும் பிரித்தால் ஒரு பைட் மாறாமல் திரும்பி வரும். ஜேபெக் தரத்தைக் குறைத்துச் சேமித்தால் போனது போனதுதான். எங்கள் கடையில் முன்பு இருந்த ஒருவர், இடம் பற்றவில்லை என்று ஒரு கல்யாண ஆல்பத்தின் படங்களை எல்லாம் தரம் 60ல் மறுபடி சேமித்து, மூலத்தை அழித்துவிட்டார். மணப்பெண்ணின் கூந்தல் ஓரத்திலும் பட்டுச்சேலை ஜரிகையிலும் கட்டம் கட்டமாக நொறுங்கியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? பெரிய அளவில் பிரிண்ட் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை. மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். இடம் வேண்டும் என்றால் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

23.04.2024

கொடை சீசன். இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை.

நேற்று நாங்குநேரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து நாலு பேர் வந்தார்கள். சுடலைமாடன் கோவில் கொடை, வைகாசியில். 2011ல் நாங்கள் அடித்துக் கொடுத்த நோட்டீஸ் வேண்டும் என்றார்கள். கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பெயர் வரிசையில் இரண்டு வகையறாவுக்குள் இந்த வருடம் மனத்தாங்கலாம். 2011ல் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த வரிசை ஒன்று உண்டு, அதன்படியே போட்டுவிட்டால் பேச்சில்லை என்றார் பெரியவர். ஊரில் ஒருவரிடமும் அந்தத் தாள் இல்லை. ஒரு வீட்டில் ஒட்டி வைத்திருந்தது டிசம்பர் மழையில் சுவரோடு போய்விட்டது.

2011 என்றால் டிவிடி. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

24.04.2024

டிவிடி டிரைவில் சுற்றுகிறது, பட்டியல் வருகிறது, காப்பி நடுவில் நிற்கிறது. உள்ளே ஒரே ரார் பைல், 600 எம்பி. ஓரத்தில் வெளிறிய திட்டு. லினக்ஸ் மெஷினில் டிடிரெஸ்க்யூ போட்டேன். படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, முடியாத இடத்தில் வெற்றிடம் விட்டு நகலெடுக்கும். டிவிடியில் பிழை திருத்தம் 16 செக்டர், 32 கிலோபைட் என்று கூட்டாக நடப்பதால் போனால் 32 கிலோபைட்டாகத்தான் போகும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் ஐந்து இடம் மட்டும் வெற்றிடம்.

நகலை வின்ராரில் திறந்தேன். பழுது என்றது. இன்ஃபோவைத் தட்டினேன். முறை நார்மல். டிக்சனரி 4 எம்பி. அதற்குக் கீழே ரெக்கவரி ரெக்கார்ட் உண்டு என்று ஒரு வரி.

2011ல் அதை யார் டிக் செய்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்போது கடையில் டைப் செய்த அக்காவாக இருக்கலாம். அவர்தான் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பார்.

ரிப்பேர் கொடுத்தேன். பத்து நிமிடம். புதுசாக ஒரு பைலை எழுதித் தந்தது. டெஸ்ட் போட்டேன். பிழை இல்லை.

ஜனவரி 10ல் ரெக்கவரி ரெக்கார்டை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். அதை யாரும் செய்யாதீர்கள். செய்திருந்தால் மறுபடி சேர்த்துவிடுங்கள். 600 எம்பியில் 3 சதவீதம் என்றால் 18 எம்பி, ஒரு கல்யாண வீடியோவில் ஒரு நிமிடம்கூட வராது.

24.04.2024, மாலை

பேஜ்மேக்கர் பைலை மச்சுக்குக் கொண்டுபோய் எக்ஸ்பி மெஷினில் திறந்தேன். டிக்சனரி 4 எம்பிதான் என்பதால் ரார் பைலை அங்கேயே வைத்துப் பிரித்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை. எழுத்துரு அந்த மெஷினிலேயே இருந்தது. 'நிகழும் மங்களகரமான கர வருடம் வைகாசி மாதம்' என்று முதல் வரி சிவப்பில் வந்து நின்றது. கீழே குடியழைப்பு, வில்லிசை, சாமக்கொடை நேரங்கள். அதற்கும் கீழே மூன்று பத்தியாக வரிதாரர் பெயர்கள்.

பெரியவருக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். இரண்டு வகையறாவும் மாறி மாறி, ஒரு பெயர் இங்கே ஒரு பெயர் அங்கே என்று வந்திருந்தது. "ஆமா, இப்படித்தான் பேசினோம்" என்றார். இரண்டாம் பத்தி நடுவில் விரல் நின்றுவிட்டது. "எங்க அய்யா பேரு" என்றார். அவர் தந்தை 2012ல் இறந்துபோனாராம்.

குரோதி வருட நோட்டீஸுக்கு அதே வரிசை. ஆயிரம் பிரதி.

28.04.2024

அம்பாசமுத்திரம் தம்பி இன்ஃபோ விவரங்களை அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பதில்:

ஜிப் எல்லாம் அப்படியே இருக்கட்டும், டெஸ்ட் மட்டும் போடுங்கள். ரார் மூன்றும் முறை 3, ரெக்கவரி ரெக்கார்ட் இல்லை. வின்ராரில் திறந்து, பிரிக்காமலே கட்டளைப் பட்டியலில் இருந்து அதைச் சேர்க்கலாம். 7-ஜிப்பில் 24 காட்டுகிற நாலையும் தொடாதீர்கள். 30 காட்டுகிற அந்த ஒன்றை மட்டும் இந்த வாரமே பிரித்து, சாலிட் இல்லாமல், டிக்சனரி 16 எம்பி வைத்து மறுபடி போடுங்கள். அதற்கு முன்னால் மூல பைலை வேறு டிஸ்க்கில் ஒரு நகல். புதியதை டெஸ்ட் போட்டுப் பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள்.

பிஎம்பி போல்டர் ஒன்று தனியாகச் சுருக்காமல் கிடக்கிறது என்றீர்களே, அதை நார்மலில் போடுங்கள். நீங்கள் தேடுகிற பாதி இடம் அதில்தான் இருக்கிறது.

டார்-ஜிஜிப் இரண்டும் அனுப்பிய படத்தில் ஒன்பதாவது பைட் தெரியவில்லை, வெட்டிவிட்டீர்கள். முதல் வரி முழுதும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.